பி.எஃப்.இ. 99% சர்ஜிக்கல் மாஸ்க், 95% என்95: இதில் எது மேல்?

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையில் நெஞ்சக நோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், பெரும்பாலும் டிபி நோயாளிகள். போன வாரம் புது ஸ்டாக் வந்தது. மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் பெட்டியில் "பி.எஃப்.இ. 99%" என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். என்95 உறையில் 95% என்றுதான் இருக்கிறது. ஸ்டோரில் இண்டெண்ட் கொடுக்கப் போனபோது அங்கிருந்தவர், "ஏம்மா, 99 பெரிசா 95 பெரிசா? மலிவா இருக்கிறதே நல்லா வேலை செய்யும்போது எதுக்கு என்95 கேட்டு அலையறீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். என்95தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும், படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஏன் என்று சட்டெனச் சொல்ல வாயில் வரவில்லை. அசடு வழியத் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்று. வந்திருக்கிற என்95களில் தலையைச் சுற்றிப் போடும் பட்டை இல்லை, காதில் மாட்டும் வளையம்தான். வார்டு பாய் ஒருவர் மெழுகுவர்த்தி கொளுத்தி, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஊதிப் பார்த்தார். இரண்டிலும் தீ அணையவில்லை, அதனால் இரண்டும் ஒரிஜினல்தான் என்கிறார். வீட்டுக்காரர் வேறு, சானிடைசர் அடித்துக் காயவைத்தால் ஒரு மாஸ்க் ஒரு மாதம் ஓடும் என்கிறார். இந்த சதவீதத்தையெல்லாம் யார், எப்படி அளக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அகார்தட்டு எழுதியது:

சிஸ்டர், அந்த ஸ்டோர்காரர் தராசில் ஒரு பக்கம் கிலோவையும் மறுபக்கம் லிட்டரையும் வைத்திருக்கிறார். இரண்டும் வேறு வேறு தேர்வில் வாங்கிய மார்க். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் 99, பிளஸ் டூ கணக்கில் 95 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவைப் பக்கம் ஒரு ஜவுளிச் சோதனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் சில வருடம் வேலை பார்த்தவன். 2020ல் கவச உடைகளில் செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று பார்க்க நாடு முழுவதிலிருந்தும் மாதிரிகள் கோவை சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து குவிந்தன இல்லையா, அந்தச் சமயத்தில் எங்கள் பக்கமும் மாஸ்க் மாதிரிகள் வந்துகொண்டே இருந்தன, மதியச் சாப்பாடு சாயங்காலம்தான். அதனால் இந்த பி.எஃப்.இ. விஷயத்தை என் கையால் செய்த வேலையாகவே சொல்கிறேன்.

பி.எஃப்.இ. என்றால் பாக்டீரியாவை வடிகட்டும் திறன். அதற்கு நாங்கள் வளர்ப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நம் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் அதே கிருமிதான். அதை பெப்டோன் தண்ணீரில் கலக்கி, நெபுலைசர் மாதிரி ஒரு கருவியால் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பனிபோலத் தெளிப்போம். குழாயின் அடியில் மாஸ்க் துணியை விறைப்பாகப் பிடித்துக் கட்டியிருக்கும். அதற்குக் கீழே ஆண்டர்சன் சாம்ப்ளர் என்று ஆறடுக்கு டிபன் கேரியர் போல ஓர் உலோகக் கருவி. ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே 400 ஓட்டை போட்ட தகடு இருக்கும், கீழே போகப் போக ஓட்டை சிறிதாகும், தகட்டுக்கு அடியில் அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) ஊற்றிய தட்டு இருக்கும். பம்ப் போட்டு நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுத்தால், துணியைத் தாண்டி வந்த துளியெல்லாம் ஏதாவதொரு தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டுகளை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, முளைத்து வரும் புள்ளிகளை எண்ண வேண்டும். இளமஞ்சளாக, கடுகு அளவில் இருக்கும். மாஸ்க்கே இல்லாமல் ஓட்டிய தட்டில் 2200 புள்ளி, மாஸ்க் வைத்து ஓட்டியதில் 33 புள்ளி என்றால், 98.5 சதவீதம். கணக்கு இவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பனித்துளியின் சராசரி அளவு 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மாஸ்க் உலகில் 3 மைக்ரான் என்பது பாறாங்கல். கொஞ்சம் ஒழுங்கான மெல்ட்ப்ளோன் துணி (பிளாஸ்டிக்கை உருக்கி ஊதிச் செய்த மெல்லிய நார்த்துணி) நடுவில் இருந்தாலே 95ஐத் தாண்டிவிடும். 28.3 லிட்டர் என்பதும் கடும் உழைப்பில் மூச்சு வாங்குபவரின் வேகம் இல்லை. இந்தச் சோதனையைக் குறை சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் பேசும்போது தெறிக்கும் எச்சில் நோயாளியின் காயத்தில் விழக்கூடாது, அதற்காகத்தான் சர்ஜிக்கல் மாஸ்க், அந்த வேலைக்கு இந்தச் சோதனை சரியானது. நம் நாட்டு ஐஎஸ் 16289, அமெரிக்க எஃப் 2100, ஐரோப்பிய 14683 தரநிலைகள் எல்லாமே சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு இதைத்தான் கேட்கின்றன.

என்95 தேர்வு வேறு. அதில் கிருமியே கிடையாது, உப்புதான். சமையல் உப்பை நீரில் கரைத்துத் தெளித்து, காயவைத்து, மிக நுண்ணிய உப்புத் தூளாக்கி, அதில் இருக்கும் மின்னேற்றத்தையும் நீக்கிவிட்டு அனுப்புவார்கள். துகளின் நடு அளவு 0.075 மைக்ரான். அதாவது உங்கள் பி.எஃப்.இ. துளியில் நாற்பதில் ஒரு பங்கு. காற்று வேகம் நிமிடத்துக்கு 85 லிட்டர், கடும் உழைப்பில் மூச்சு வாங்கும் ஆளின் கணக்கு. அதற்கு முன்னால் மாஸ்க்கை 38 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாள் வேகவைப்பார்கள் (சென்னை மே மாதம் மாதிரி என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்). அப்புறம் உப்புத் தூள் மாஸ்க்கில் ஏறிக்கொண்டே போகும்போது எந்தக் கட்டத்திலும் 5 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது. உங்கள் 99% மாஸ்க்கை இந்த இயந்திரத்தில் ஏற்றினால் 95ஐத் தொடும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. அந்த 99க்கு இந்தத் தேர்வோடு சம்பந்தமே கிடையாது.

உடனே "ஏன் இவ்வளவு சின்னது, 0.3 மைக்ரான் என்றல்லவா படித்தோம்" என்று யாராவது கேட்பீர்கள். இரண்டும் ஒரே உப்புதான். எண்ணிக்கைப்படி பார்த்தால் 0.075, எடைப்படி கணக்குப் போட்டால் 0.3 சுமாருக்கு வரும். பெரிய துகள் ஒன்றே ஆயிரம் பொடிகளின் எடை இருக்குமே, அதனால்.

தையல்கடை_திருப்பூர் எழுதியது:

மெழுகுவர்த்தியைக் கிண்டல் செய்யாதீர்கள், நாங்கள் 2020ல் அதை வைத்துத்தான் பிழைத்தோம் :) பனியன் ஆர்டர் எல்லாம் நின்று போய், மிச்சமிருந்த காட்டன் துணியில் மாஸ்க் தைத்தோம். வாங்க வருகிறவர்கள் கடை வாசலிலேயே லைட்டரைப் பற்றவைத்து ஊதுவார்கள். தீ அணைந்தால் "இது வேஸ்ட்" என்று போய்விடுவார்கள். சரி என்று இன்னொரு அடுக்கு போட்டோம், அப்போதும் அணைந்தது, கடைசியில் ரெயின்கோட் துணி மாதிரி ஒன்றை நடுவில் வைத்தோம், தீ அசையக்கூட இல்லை. ஆனால் போட்டுக்கொண்டு மாடி ஏறினால் மயக்கம் வருகிறது என்று பாதிப் பேர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த லாட் இன்னும் பரணில் கிடக்கிறது.

அகார்தட்டு எழுதியது:

@தையல்கடை_திருப்பூர் அண்ணா, மெழுகுவர்த்தி எதைச் சோதிக்கிறது என்பதற்கு உங்கள் பரணே சாட்சி. காற்றின் வேகம் குறைகிறதா என்று மட்டும்தான் அது காட்டும். ரெக்ஸின் கூட அதில் பாஸ் ஆகும். நல்ல மாஸ்க்கில் காற்று தாராளமாகப் போக வேண்டும், துகள் மட்டும் மாட்ட வேண்டும், இந்த இரண்டும் ஒன்றாக அமைவதுதான் கஷ்டம். அதனால்தான் மூச்சுத் தடையையும் தனியாக அளக்கிறார்கள். துணி ரொம்ப அடைத்தால் என்ன ஆகும் தெரியுமா, காற்று துணி வழியாக வராமல் கன்னத்து ஓரமாகச் சுற்றிக்கொண்டு வரும். வடிகட்டியே இல்லாத மாதிரி.

இதோடு இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. "வைரஸ் 0.1 மைக்ரான், மாஸ்க் ஓட்டை அதைவிடப் பெரிது, கொசுவலையில் மணல் போல உள்ளே வந்துவிடும்" என்று. மாஸ்க் சல்லடை இல்லை. உள்ளே நார்கள் வைக்கோல் போர் மாதிரி தாறுமாறாகக் கிடக்கும். பெரிய துகள், கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாத லாரி மாதிரி நேராகப் போய் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சின்னத் துகள் நேராகப் போகாது, காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து, குடித்தவன் நடை போல அங்கும் இங்கும் தள்ளாடி ஏதாவதொரு நாரில் முட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தப்பிக்கப் பார்க்கும். அந்த நடு அளவைத் தேடிப் பிடித்துத்தான் என்95 தேர்வில் விடுகிறார்கள். அதில் 95 வாங்கினால் அதைவிடப் பெரியதிலும் சிறியதிலும் மார்க் கூடத்தான் செய்யும். டிபி கிருமி சுமக்கும் துளிகள் 1 முதல் 5 மைக்ரான் வரை என்கிறார்கள், அதற்கு இந்தத் துணி தாராளம்.

அப்புறம் அந்த சானிடைசர் யோசனை. வீட்டுக்காரரிடம் அன்போடு சொல்லுங்கள், வேண்டாம் என்று. மெல்ட்ப்ளோன் நாரில் தயாரிக்கும்போதே நிலைமின்னேற்றம் ஏற்றியிருப்பார்கள். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்குவோமே, அந்த இழுப்புத்தான். இவ்வளவு மெல்லிய துணி மூச்சு முட்டாமல் 95 வாங்குவதற்கு அதுதான் காரணம். ஆல்கஹால் பட்டால் அந்த மின்னேற்றம் போய்விடும். ஆய்வகத்தில் மின்னேற்றம் இல்லாமல் ஃபில்டர் எப்படி இருக்கும் என்று பார்க்கவே ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதாவது நீங்கள் வீட்டில் செய்வது ஃபில்டரைக் கெடுப்பதற்கான அதிகாரபூர்வ முறை. சோப்புத் தண்ணீரும் அப்படியே. கொடுமை என்னவென்றால் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது, மாஸ்க் வெள்ளை வெளேரென்று புதுசு மாதிரியே இருக்கும்.

தெம்பனிஸ்_நர்ஸ் எழுதியது:

அகார்தட்டு சொன்னது எல்லாம் துணியைப் பற்றி. சிஸ்டர், உங்கள் முகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே?

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இங்கே 2003 சார்ஸ் அனுபவத்துக்குப் பிறகு மாஸ்க் ஃபிட்டிங் என்றால் விளையாட்டு இல்லை. வேலைக்குச் சேர்ந்த வாரமே உட்கார வைத்துவிட்டார்கள். தலைமேல் கவிழ்த்த ஒரு கூடாரம் மாதிரி, முன்னால் பிளாஸ்டிக் ஜன்னல், அதில் ஒரு சின்ன ஓட்டை. முதலில் மாஸ்க் இல்லாமலே பிட்ரெக்ஸ் என்கிற கசப்புத் திரவத்தை அந்த ஓட்டை வழியாக புஸ் புஸ் என்று அடித்து, எத்தனையாவது அடியில் நாக்கு கசக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள் (நாக்கு கசப்பை உணர்கிறதா என்று முதலில் தெரிய வேண்டுமே). வாய் கொப்பளித்துவிட்டு வந்து என்95 போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே. இந்த முறை திரவம் இன்னும் கெட்டி. சாதாரணமாக மூச்சு விடு, ஆழமாக மூச்சு இழு, தலையை இடம் வலம் திருப்பு, மேலே கீழே பார், குனி, பேசு. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்.

பேசுவதற்கு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். தமிழில் எண்ணலாமா என்றேன், வாய் அசைந்தால் போதும் என்றார்கள். தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்று ஆரம்பித்தேன், நம் எண்கள் தாடையை எப்படி ஆட்டும் என்று தெரியும்தானே. எண்பத்து மூன்றுக்கு வரும்போது நாக்கில் வேப்பங்கொழுந்து. ஃபெயில். மாஸ்க் நல்ல கம்பெனி, ஒரிஜினல், 95 வாங்கியது, ஆனால் என் மூக்குத்தண்டு தாழ்வு, பக்கத்தில் இடைவெளி. வேறு வடிவம் ஒன்று கொடுத்தார்கள், படகு மாதிரி மடிப்பு உள்ளது, அதில் கடைசி வரை ஒரு துளி கசப்பு இல்லை. என் கார்டில் அந்த மாடல் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், வேறு மாடல் வந்தால் மறுபடி தேர்வு.

இதையே இயந்திரம் வைத்தும் செய்வார்கள். மாஸ்க்கில் ஒரு குழாய் சொருகி, வெளியே எத்தனை துகள், உள்ளே எத்தனை துகள் என்று எண்ணும். என்95 மாதிரி பாதிமுக மாஸ்க்குக்கு உள்ளே 1 என்றால் வெளியே 100 இருக்க வேண்டும், அதாவது ஃபிட் ஃபேக்டர் 100. தாடி வைத்தவர்களை இந்தச் சோதனைக்கே உட்கார வைக்க மாட்டார்கள். எங்கள் வார்டில் ஒரு தம்பி முதலில் முரண்டு பிடித்தான், அப்புறம் ஷேவ் செய்துகொண்டு வந்தான்.

அகார்தட்டு எழுதியது:

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், நன்றி சிஸ்டர். எங்கள் ஆய்வகத்தில் துணியைக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடித்திருப்போம், ஓரத்தில் காற்று நுழைய வழியே இல்லை. அந்த அதிர்ஷ்டம் எந்த முகத்துக்கும் கிடையாது. ஐரோப்பிய எஃப்எஃப்பி2 (என்95 போன்ற வகை) தேர்வில் மட்டும் சான்றிதழுக்கு முன்பே பத்துப் பேருக்கு மாஸ்க் மாட்டி, உப்புக் காற்று நிறைந்த அறையில் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு மொத்தக் கசிவைப் பார்ப்பார்கள், பத்தில் எட்டுப் பேருக்காவது சராசரி 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க என்95 சான்றிதழ் ஃபில்டரை மட்டும் பார்க்கும், முகத்தில் பொருந்துகிறதா என்பதை வேலை கொடுப்பவர் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு ஐரோப்பிய முறைதான் நியாயமாகப் படுகிறது, ஆனால் அந்தப் பத்துப் பேரில் உங்கள் மூக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

பினாங்கு_பாலா எழுதியது:

தலைப்பை விட்டு ஒரு நிமிடம். இந்த மாஸ்க் கதையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், வூ லியென்-தே, 1879ல் பினாங்கில் பிறந்த டாக்டர். 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. இது எலித்தெள்ளு வழியாக இல்லை, மூச்சுக்காற்று வழியாகப் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் மெல்லிய துணியும் வைத்து மாஸ்க் செய்து எல்லோரையும் கட்டச் சொன்னார். மெனி என்ற மூத்த பிரெஞ்சு டாக்டர் அதை ஏற்காமல், மாஸ்க் கட்டாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அவரே பிளேக்கில் இறந்தார். அப்புறம் யாரும் எதிர்த்துப் பேசவில்லையாம். உப்புத் தூளும் இல்லை, ஆண்டர்சன் சாம்ப்ளரும் இல்லை.

கம்பெனி_சேஃப்டி எழுதியது:

காதுவளைய என்95 பற்றி யாரும் சொல்லவில்லை. பாயிலர் ஆலையில் சேஃப்டி ஆபீசர் நான், போலி மாஸ்க்கில் ஒருமுறை சூடுபட்டவன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வியாபாரியிடம் வாங்கினோம், உறையில் "நியோஷ் அங்கீகாரம்" என்று கொட்டை எழுத்து (நியோஷ் என்பது மாஸ்க்குக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க அமைப்பு), உள்ளே காதுவளையம். பிரித்துப் பார்த்தால் நடு அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு சாதா ஸ்பன்பாண்ட் துணி.

நியோஷ் என்95 என்றால் தலையைச் சுற்றும் பட்டைதான் இருக்கும். காதுவளையம் இருந்தால் போலி என்று சந்தேகப்படு என்று அமெரிக்க சிடிசியே அடையாளம் சொல்லியிருக்கிறது. மாஸ்க் மேலேயே டிசி-84ஏ என்று தொடங்கும் ஒப்புதல் எண் அச்சாகியிருக்க வேண்டும். நம் நாட்டுத் தயாரிப்பு என்றால் ஐஎஸ் 9473, எஃப்எஃப்பி2 என்று பார்த்து, ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போடுங்கள், யாருடைய லைசென்ஸ், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். எல்லாக் காதுவளையமும் போலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் காது என்பது இறுக்கிக் கட்டும் இடமே இல்லை, எட்டு மணி நேர ஷிஃப்டில் அது தளர்ந்துதான் தீரும்.

வால்வு வைத்தது வந்தால் வார்டுக்கு வேண்டாம். போடுகிறவர் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறையே மாநிலங்களுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதியது. எங்கள் ஆலைத் தூசிக்கு வால்வு சௌகரியம், அது வேறு விஷயம்.

இரவுப்பணி எழுதியது:

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று டியூட்டிக்குப் போனதும் உறையைத் தேடினேன். டிசி எண் இல்லை. ஐஎஸ் 9473 என்று போட்டு சிஎம்/எல் எண் இருக்கிறது, செயலியில் அடித்தால் கம்பெனி பெயரும் லைசென்ஸும் சரியாக வருகிறது. அதுவரை நிம்மதி.

ஆனால் கண்ணாடி முன்னால் நின்று மாஸ்க்கை இரண்டு கையாலும் பொத்தி வேகமாக மூச்சை விட்டேன், மூக்கோரமாகச் சூடாகக் கண்ணில் அடித்தது. இத்தனை நாளாக மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏசி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! கம்பியை விரலால் அழுத்தி, பின்னால் இரண்டு வளையத்தையும் ஒரு துண்டு காஸ் துணியால் சேர்த்துக் கட்டினேன், காற்று வருவது நின்றது. தெம்பனிஸ் சிஸ்டர் சொன்ன மாதிரி தொண்ணூற்றொன்பது தொண்ணூற்றெட்டு என்று எண்ணிப் பார்த்தேன், எழுபதுக்குள் மறுபடி தளர்ந்துவிட்டது.

ஸ்டோர்காரரிடம் கிலோவும் லிட்டரும் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப தலைப்பட்டை வெச்சதுக்கு இண்டெண்ட்ல எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தக் கசப்புத் திரவமும் கூடாரமும் கிட்டாகக் கிடைக்கும்தானே? இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் மீட்டிங் வியாழக்கிழமை வருகிறது, கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

தெம்பனிஸ்_நர்ஸ் எழுதியது:

கிட்டாகவே கிடைக்கும். ஆனால் சோதனைக்கு 15 நிமிடம் முன்பிருந்தே யாரும் டீ குடிக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, நாக்கு ஏமாற்றிவிடும். மீட்டிங்கில் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்டர்வெல்லில் வடை சாப்பிட்டுவிட்டு நேராக வந்து உட்காருவார்கள்.

தையல்கடை_திருப்பூர் எழுதியது:

பரணில் இருக்கிற லாட் யாருக்காவது வேண்டுமா? தீ அணையாது, கேரண்டி.